ஒரே ஒரு பல்லை நம்பிய பல்செட்: ஜார்ஜ் வாஷிங்டன் வாய்க்குள் நடந்த இன்னொரு போர்! இம்பிளாண்ட் வைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

1789-ம் ஆண்டு ஏப்ரல் 30. நியூயார்க்கில் ஃபெடரல் ஹால் கட்டடத்தின் மாடி. கீழே தெரு முழுக்க ஜனக்கூட்டம். ஆறடிக்கு மேல் உயரம் கொண்ட ஒரு மனிதர், அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்க வந்து நிற்கிறார். பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்த தளபதி. நாடே அவர் வாயைத் திறந்து பேசுவதற்காகக் காத்திருக்கிறது.

அந்த வாய்க்குள் அப்போது மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொந்தப் பல்தான்!

கீழ்த்தாடையின் இடது பக்கம் இருந்த அந்த ஒற்றைப் பல்லை நம்பித்தான் அவரது கீழ்ப் பல்செட்டே நின்றது. ஜார்ஜ் வாஷிங்டன் என்றதும் குதிரை, வாள், டாலர் நோட்டு எல்லாம் நினைவுக்கு வரும். மரப்பல் கதையும் வரும் (அது பொய், பிறகு பார்ப்போம்). ஆனால் அவர் வாழ்நாளில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், பிடிப்பு சரியில்லாத பற்களோடு மல்லுக்கட்டியவர் என்பது பலருக்கும் தெரியாது.

தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என எந்த ஊர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடந்தாலும் 'இம்பிளாண்ட்' என்று எழுதிய பல் மருத்துவமனை போர்டு கண்ணில் படும் காலம் இது. பல் எல்லாம் போன பெரியவர்கள் தாடையில் டைட்டானியம் ஸ்குரூ வைத்து அதன் மேல் பல்செட் மாட்டிக்கொள்கிறார்கள். பலருக்கு நன்றாகவே இருக்கிறது. சிலருக்கு, ஸ்குரூ தப்பான இடத்தில் உட்கார்ந்துவிட்டதால் பல்செட் ஆடுகிறது, உதடு தூக்குகிறது, பேச்சு குழறுகிறது. இப்படிப்பட்ட பல்செட் புகார்களை 200 ஆண்டுகளுக்கு முன்பே கடிதமாக எழுதி வைத்தவர் வாஷிங்டன்.

24 வயதில் முதல் பல்

வாஷிங்டன் பிறந்தது 1732-ம் ஆண்டு பிப்ரவரி 22, வர்ஜீனியாவில். 11 வயதில் அப்பா போய்விட்டார். 17 வயதிலேயே நிலம் அளக்கும் சர்வேயர் வேலை. சங்கிலி பிடித்து காடு மேடெல்லாம் அளந்த கை அது. 19 வயதில் அண்ணன் லாரன்ஸோடு பார்படாஸ் தீவுக்குப் போனார், அங்கே பெரியம்மை தாக்கியது. பிழைத்துக்கொண்டார். மலேரியாவும் அவரை விடவில்லை.

பல் கதை 1756-ல் தொடங்குகிறது. வயது 24. வாட்சன் என்ற டாக்டருக்கு ஒரு பல் பிடுங்கியதற்காக 5 ஷில்லிங் கொடுத்ததாகக் கணக்கு எழுதியிருக்கிறார். எழுதாமல் அவருக்குத் தூக்கம் வராது போல. வாழ்நாள் முழுக்க வரவு செலவைக் கையால் எழுதி வைத்த மனுஷன். நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணமும் அந்தக் கணக்குப் புத்தகங்கள்தான்.

அதன் பிறகு பல்வலி வாடிக்கையாகிவிட்டது. பல் துலக்கத் தெரியாத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். டூத் பிரஷ், பல்பொடி என்று லண்டனில் இருந்து வரவழைத்து உபயோகித்தவர். அப்படியும் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அந்தக் காலத்தில் சொத்தைப் பல்லுக்கு வைத்தியம் என்றால் பிடுங்குவதுதான். அதுவும் மரத்துப்போக ஊசி கிடையாது. பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் மயக்க மருந்தைச் செய்து காட்டியது 1846-ல்தான். வாஷிங்டன் தன் எல்லாப் பற்களையும் நினைவோடு இருந்தே இழந்தார்.

போர்க்களத்தில் இருந்து ஒரு பார்சல்

1775-ல் பிரிட்டனுக்கு எதிரான படைக்குத் தளபதி ஆனார். கைவசம் இருந்ததோ சாப்பாடு, துப்பாக்கி மருந்து, செருப்பு எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு உள்ள ஒரு படை. இதற்கு நடுவே தளபதிக்குப் பல் பிரச்சினை.

1781 மே மாதம், பிலடெல்பியாவில் இருந்த ஜான் பேக்கர் என்ற பல் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். பல் சுத்தம் செய்யும் கருவி ஒன்று அனுப்பச் சொன்ன சாதாரணக் கடிதம். பற்களைக் கட்டிய கம்பியை இறுக்க ஒரு குறடும் முன்பே கேட்டிருந்தார். போகிற போக்கில், இப்போதைக்கு பிலடெல்பியா பக்கம் வருவதாக இல்லை என்றும் எழுதிவிட்டார். கடிதம் வழியில் பிரிட்டிஷாரிடம் மாட்டிக்கொண்டது.

அந்த நேரத்தில் பிரிட்டிஷ் தளபதி ஹென்றி கிளின்டனுக்கு இருந்த பெரிய கேள்வி, வாஷிங்டன் நியூயார்க்கைத் தாக்குவாரா, இல்லை தெற்கே போவாரா என்பதுதான். பிலடெல்பியா வழியாகத்தான் தெற்கே போக வேண்டும். வரப்போவதில்லை என்று அவரே பல் டாக்டரிடம் சொல்லிவிட்டாரே! கிளின்டன் நியூயார்க்கிலேயே காத்திருந்ததற்கு இந்தக் கடிதமும் ஒரு காரணம் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. சில மாதங்களில் வாஷிங்டன் தெற்கே யார்க்டவுனுக்குப் போய், அக்டோபர் 19-ல் பிரிட்டிஷ் படையைச் சரணடைய வைத்தார்.

அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று அவர் எழுதிய இன்னொரு கடிதம் மனசைப் பிசையும் ரகம். மவுண்ட் வெர்னன் பண்ணை வீட்டைக் கவனித்துக்கொண்ட உறவினர் லண்ட் வாஷிங்டனுக்கு எழுதியது. என் மேஜை டிராயரில் இரண்டு சின்ன முன்பற்கள் இருக்கும், பத்திரமாகச் சுற்றி அனுப்பி வை என்பதுதான் விஷயம். விழுந்த பல்லை அவர் தூக்கிப் போடவில்லை. கம்பி கட்டித் திரும்ப உபயோகிக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தார்.

1783 தொடக்கத்தில் பேக்கரிடம் அச்சு எடுக்கும் பிளாஸ்டர் மாவு கேட்டு எழுதினார். அதாவது டாக்டரை நேரில் பார்க்காமல், தன் வாய்க்குத் தானே அளவெடுத்து அனுப்பும் யோசனை. சர்வேயர் புத்தி விடுமா?

அந்த 9 பற்கள் யாருடையவை?

வாஷிங்டன் பல் கதையில் சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியாத இடம் இதுதான்.

போர் முடிந்து பண்ணைக்குத் திரும்பிய பிறகு அவருக்கு வைத்தியம் பார்த்தவர் ழான்-பியர் லெ மாயெர் என்ற பிரெஞ்சு பல் டாக்டர். ஒருவர் வாயில் இருந்து பிடுங்கிய பல்லைச் சூட்டோடு சூடாக இன்னொருவர் வாயில் நடுவது இவரது தொழில். ஆரோக்கியமான முன்பல் ஒன்றுக்கு 2 கினி, அதாவது 42 ஷில்லிங் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். அடிமைகள் வர வேண்டாம் என்றும் அதே விளம்பரத்தில் இருந்தது.

1784 மே மாதத்து மவுண்ட் வெர்னன் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. டாக்டர் லெ மாயெருக்காக, பண்ணையின் கறுப்பின மக்களிடம் இருந்து 9 பற்கள் வாங்கியதற்கு 122 ஷில்லிங். ஒரு பல்லுக்குப் பார்த்தால் பதிமூன்றரை ஷில்லிங். வெளியில் தருவதாக விளம்பரம் செய்த விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பணம் கொடுத்துத்தானே வாங்கினார் என்று கேட்கலாம். ஆனால் அந்த மக்களே அவருடைய உடைமையாகக் கணக்கில் இருந்தவர்கள். முதலாளி வீட்டு டாக்டர் வந்து பல்லைக் கேட்கும்போது முடியாது என்று சொல்லும் உரிமை எவ்வளவு இருந்திருக்கும்? அந்தக் கணக்கில் தொகை இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. பல் கொடுத்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

ஓட்டை போட்ட பல்செட்

1789-க்கு வருவோம். ஜனாதிபதிக்குப் பல்செட் செய்தவர் ஜான் கிரீன்வுட். நியூயார்க்கின் பேர்பெற்ற பல் டாக்டர். சின்ன வயதில் வாஷிங்டனின் படையில் புல்லாங்குழல் ஊதியவர். அம்மாவின் ராட்டையை மாற்றி, தையல் மெஷின் மாதிரி காலால் மிதித்துச் சுற்றும் பல் டிரில்லை உருவாக்கியவரும் இவர்தான். கைவேலைக்காரர், சந்தேகமே இல்லை.

கிரீன்வுட் நீர்யானைத் தந்தத்தைச் செதுக்கிக் கீழ்த்தாடைக்கு அடித்தளம் செய்தார். அதில் மனிதப் பற்களைத் தங்க ஆணி வைத்துப் பொருத்தினார். மிச்சமிருந்த அந்த ஒற்றைப் பல் நுழைவதற்காகத் தந்தத்தில் ஒரு ஓட்டை போட்டார். பல்செட்டைப் போட்டால் சொந்தப் பல் அந்த ஓட்டை வழியாக மேலே வந்து நிற்கும், பல்செட் நழுவாது. இதுதான் ஐடியா.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே?

கம்பம் பள்ளத்தாக்கில் இதை விளக்குவது ரொம்ப சுலபம். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும், பந்தல் முழுக்கக் கல்தூண்கள் மேல்தான் நிற்கிறது. கல் சரியான இடைவெளியில், நேராக, ஒரே உயரத்தில் இருந்தால்தான் கம்பி சமமாக இழுபடும், கொடியும் காயும் பாரம் தாங்கும். நாலு கல் இருக்க வேண்டிய இடத்தில் ஓரமாக ஒரே ஒரு கல் நட்டால் என்ன ஆகும்? பாரம் முழுக்க அந்த ஒரு கல்லைப் பிடித்துத் திருகும். கொஞ்ச நாளில் கல் ஆட ஆரம்பிக்கும்.

வாஷிங்டனின் இடது ஓரப் பல்லுக்கு நடந்ததும் அதேதான். வலது பக்கம் மெல்லும்போதெல்லாம் பல்செட் நெம்புகோல் மாதிரி அந்தப் பல்லைத் திருகியது.

மேல் பல்செட் கதை இன்னும் மோசம். நாம் இன்று போடும் மேல் பல்செட் அண்ணத்தோடு ஒட்டி, எச்சிலின் பிடிப்பில் நிற்கிறது. தந்தத்தில் அந்த அளவுக்குத் துல்லியமாகச் செதுக்க முடியாது. அதனால் மேல் செட்டையும் கீழ் செட்டையும் பின்பக்கம் ஸ்பிரிங் வைத்து இணைத்தார்கள். ஸ்பிரிங் இரண்டையும் எப்போதும் பிரித்துத் தள்ளும். வாயை மூடி வைத்திருப்பதே ஒரு வேலை! தாடையைக் கடித்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் வாய் திறந்துகொள்ளும்.

ஜனாதிபதி மேடைகளில் அதிகம் பேசாததற்கும், சபையில் சிரிக்காததற்கும் இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். 1793-ல் இரண்டாவது முறை பதவியேற்றபோது அவர் பேசியது ஆங்கிலத்தில் வெறும் 135 வார்த்தைகள். இன்றுவரை அதைவிடச் சின்னப் பதவியேற்பு உரை அமெரிக்காவில் கிடையாது. காலைச் சாப்பாடு பெரும்பாலும் சோள மாவில் சுட்ட சின்னச் சின்ன அடை, வெண்ணெயிலும் தேனிலும் ஊற வைத்தது. மெல்லவே வேண்டாம்.

பாக்கெட்டில் ஒரு டாலர் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். கூகுளில் பார்த்தாலும் சரி. கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-ல் வரைந்த ஓவியத்தில் இருந்து வந்த முகம் அது. உதடு இறுக மூடி, வாயைச் சுற்றி உப்பலாகத் தெரியும். புதிய பல்செட் மாட்டிய சமயத்தில் வரைந்ததால்தான் வாய்ப்பகுதி அப்படி வந்தது என்று ஓவியரே பின்னாளில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. கோடிக்கணக்கான நோட்டுகளில் அச்சாகி உலகம் சுற்றுவது, சரியாகப் பொருந்தாத ஒரு பல்செட்டின் தோற்றம்!

கடைசிப் பல்லும் போனது

1796-ல் அந்த ஒற்றைப் பல்லும் போனது. கிரீன்வுட் அதைத் தூக்கிப் போடாமல், சின்ன லாக்கெட்டில் வைத்துத் தன் கைக்கடிகாரச் சங்கிலியில், மன்னிக்கவும், அந்தக் காலத்துப் பாக்கெட் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டார். தலைவர் பல்லையே சங்கிலியில் மாட்டிய தொண்டர்.

இனி பல்செட்டுக்குப் பிடிமானம் என்று எதுவுமே இல்லை. தலைநகரமும் 1790-லேயே நியூயார்க்கில் இருந்து பிலடெல்பியாவுக்கு மாறியிருந்தது. டாக்டர் ஓர் ஊரில், வாய் வேறு ஊரில். பல்செட் மட்டும் பார்சலில் போய் வந்துகொண்டிருந்தது.

1797 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் வாஷிங்டனின் புகார், பல்செட் உதட்டை வெளியே தள்ளுகிறது என்பது. வாய்க்குள் இதமாகவும் இல்லை. உதட்டை இன்னும் கொஞ்சம்கூட வெளியே தள்ளும் எதையும் செய்துவிடாதே என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறார். 1798 டிசம்பரிலும் அதே புகார். கிரீன்வுட் பழைய அடித்தளத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னபோது, அனுப்புகிறேன், ஆனால் உபயோகப்படாது, தொந்தரவு தாங்காமல் நானே அரம் வைத்து ராவிவிட்டேன் என்ற அர்த்தத்தில் பதில் எழுதினார். இரண்டு முறை நாட்டை ஆண்டவர், 66 வயதில், கையில் அரத்தை வைத்துக்கொண்டு தன் பல்செட்டைத் தானே ராவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கிரீன்வுட்டுக்கும் ஒரு புகார் இருந்தது. வந்த பல்செட் கறுத்துப் போயிருக்கிறது, போர்ட் ஒயின் பட்டதால் வந்த வினை. ஒயின் குடிக்கும்போது புதியதைக் கழட்டிவிட்டுப் பழையதை மாட்டிக்கொள்ளுங்கள் என்று அறிவுரை. பன்னீர் திராட்சையைத் தின்றுவிட்டு நாக்கை நீட்டிப் பார்க்கும் கம்பம் பசங்களுக்கு இந்தக் கறை விஷயம் புதிதில்லை.

மரப்பல் கதை பிறந்ததும் இப்படித்தான் என்பது பரவலான விளக்கம். தந்தத்தில் மெல்லிய கீறல்கள் விழும். அதில் கறை இறங்கினால் பார்க்க மர ரேகை மாதிரியே இருக்கும். வாஷிங்டனின் பல்செட்டில் தந்தம், ஈயம், தங்கம், மனிதப் பல், மாட்டுப் பல் எல்லாம் உண்டு. மரம் மட்டும் கிடையாது.

ராவ ராவ ஏன் சரியாகவில்லை?

கிரீன்வுட் செதுக்கியதும் வாஷிங்டன் ராவியதும் பல்செட்டை மட்டும்தான். மாறிக்கொண்டே இருந்தது தாடை எலும்பு. பல் போன இடத்தில் எலும்பு மெல்ல மெல்லக் கரையும். முதல் ஆண்டில் வேகமாக, பிறகு வாழ்நாள் முழுக்க. கீழ்த்தாடையில் இது ரொம்ப அதிகம். இன்று கச்சிதமாகப் பொருந்தும் பல்செட், சில ஆண்டுகளில் லொடலொட என்று ஆடுவதற்கு இதுதான் காரணம்.

இதற்கு விடை கிடைக்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவீடனில் பெர்-இங்வார் பிரானமார்க் என்ற ஆராய்ச்சியாளர், முயலின் காலில் வைத்த டைட்டானியம் கருவியைத் திரும்ப எடுக்க முடியாமல் எலும்பு இறுகப் பிடித்துக்கொண்டதைக் கவனித்தார். அதை மனிதத் தாடையில் செய்து பார்த்தார். முதல் நோயாளி கோஸ்டா லார்சன். 2006-ல் அவர் இறக்கும்வரை, 40 ஆண்டுகள் அந்தப் பற்கள் உழைத்தன.

இன்று பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு, முன்பக்கம் இரண்டு இம்பிளாண்ட் வைத்து, டிச் பட்டன் மாதிரி பல்செட்டை அழுத்தி மாட்டுவது பரவலான முறை. நான்கு வைத்துக் கழட்டவே முடியாதபடி மாட்டுவதும் உண்டு. வாஷிங்டனுக்கு ஒரு கல், நமக்கு இரண்டு அல்லது நாலு கல். ஆனால் கல்லை நடும் இடம் தப்பினால் அதே கதைதான்.

இம்பிளாண்ட் உதட்டுப் பக்கம் தள்ளிப் போனால் பல்செட்டும் முன்னால் தள்ளி உதடு தூக்கும். நாக்குப் பக்கம் போனால் பல்செட் தடிமனாகி நாக்கை இடிக்கும், 'ச', 'ஸ' சொல்லும்போது குழறும். இரண்டும் ஒன்றுக்கொன்று சாய்ந்து நின்றால் பட்டன் சீக்கிரம் தேய்ந்து, மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிவரும். ஆழம் போதாமல் மேலே துருத்தி நின்றால் பல் வைக்கவே இடம் இருக்காது, பல்செட் மெலிந்து நடுவில் உடையும். கீழ்த்தாடையில் பின்பக்கம் நரம்பு ஓடுகிறது. அதில் பட்டால் உதடும் தாடையும் மரத்துப்போகும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மரத்தல் நீடித்தால், மருந்து வேலை செய்கிறது போல என்று நாள் கடத்தக் கூடாது. உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சரி, தப்பான இடத்தில் வைத்தாகிவிட்டது. என்ன செய்வது?

எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை என்பது நல்ல செய்தி. லேசான சாய்வு என்றால், இம்பிளாண்டின் மேல் மாட்டும் அபட்மென்ட் என்ற துண்டை நேரானதற்குப் பதிலாக 17 அல்லது 30 டிகிரி வளைந்ததாக மாற்றினால் போதும். வளைந்த குழாய்க்கு 'பெண்ட்' போட்டு நேராக்குகிற மாதிரி. இரண்டு, மூன்று இம்பிளாண்டுகள் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றால், எல்லாவற்றையும் ஓர் உலோகக் கம்பியால் இணைத்து, அந்தக் கம்பியின் மேல் பல்செட்டைக் கிளிப் போட்டு மாட்டலாம். கல் கோணலாக இருந்தாலும் மேலே ஓடும் கம்பி நேராக இருக்கிறதே! பாரமும் பிரிந்துவிடும்.

உபயோகிக்கவே முடியாத இடத்தில் ஒன்று நிற்கிறது, ஆனால் வலியோ சீழோ இல்லை என்றால், அதை அப்படியே ஈறுக்கு அடியில் மூடி உறங்க விட்டுவிடுவதும் உண்டு. உள்ளே இருக்கும், வேலை செய்யாது, தொந்தரவும் தராது. எதற்கும் மசியாத நிலையில்தான் இம்பிளாண்டை வெளியே எடுத்து, எலும்பு மாவு வைத்து, மாதக்கணக்கில் ஆற விட்டு, மறுபடி வைப்பது. எலும்போடு ஒட்டிய பிறகு எடுப்பது சின்ன வேலை இல்லை, கூடவே எலும்பும் கொஞ்சம் போகும். பணமும் இரண்டாவது முறை செலவாகும்.

அதனால்தான் முறையாகச் செய்பவர்கள் வரிசையை மாற்றுவதில்லை. முதலில் பல்செட், பிறகு ஸ்குரூ. பல் எங்கே நிற்க வேண்டும், உதடு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரிப் பல்செட்டை வாயில் வைத்துப் பார்த்து முடிவு செய்துவிட்டு, அதைப் போட்டபடியே சிபிசிடி ஸ்கேன் எடுத்து, அதற்கு ஏற்ற இடத்தில் துளை உள்ள ஒரு வழிகாட்டித் தகட்டைச் செய்து, அதன் வழியாக ஸ்குரூவை இறக்குவார்கள். எலும்பு இருக்கிற இடமாகப் பார்த்து முதலில் ஸ்குரூவை இறக்கிவிட்டு, பல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கினால்தான் மேலே சொன்ன அத்தனை தொல்லையும். ஸ்குரூ வைப்பதற்கு முன் மாதிரிப் பல்செட் போட்டுக் காட்டுவீர்களா, ஸ்கேன் எதன்படி எடுப்பீர்கள் என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை. வைத்த இம்பிளாண்டின் கம்பெனி, அளவு எழுதிய அட்டையையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பின்னால் வேறு டாக்டர் சரிசெய்ய வேண்டி வந்தால், அந்த அட்டை இல்லாமல் பொருந்துகிற துண்டைத் தேடுவது பெரும்பாடு. பல் விஷயத்தில் வாஷிங்டன் மாதிரி கணக்கு எழுதி வைப்பது நல்லது. அரத்தை மட்டும் கையில் எடுக்க வேண்டாம். வீட்டில் ராவினால் பல்செட்டின் கடிமானம் மாறி, பாரம் ஒரே இம்பிளாண்டில் விழும்.

கடைசி ஆண்டு

அரம் பற்றி எழுதி ஓராண்டில் வாஷிங்டனின் கதை முடிந்தது. 1799 டிசம்பர் 12 அன்று பனியிலும் மழையிலும் குதிரையில் பண்ணையைச் சுற்றி வந்தார். தொண்டை கட்டியது. மூச்சு விடவே முடியாத அளவுக்கு வீங்கியது. அக்கால வழக்கப்படி டாக்டர்கள் திரும்பத் திரும்ப ரத்தத்தை வெளியே எடுத்தார்கள். டிசம்பர் 14 இரவு உயிர் பிரிந்தது. வயது 67.

அந்த ஆண்டுதான் அவர் உயில் எழுதியிருந்தார். மவுண்ட் வெர்னனில் அப்போது அடிமைகளாக இருந்தவர்கள் 317 பேர். அதில் தன் பெயரில் இருந்த 123 பேரைத் தன் மனைவி மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுதலை செய்ய வேண்டும் என்று எழுதினார். மார்த்தா அதுவரை காத்திருக்காமல் 1801 ஜனவரி 1-ல் அவர்களை விடுவித்தார். மார்த்தாவின் முதல் கணவர் வழிச் சொத்தாக வந்தவர்களுக்கு இந்த உயில் பொருந்தவில்லை. அவர்கள் அடிமைகளாகவே பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டார்கள்.

ஈய அடித்தளமும் ஸ்பிரிங்கும் உள்ள அவரது முழு பல்செட், இன்று மவுண்ட் வெர்னன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 1789-ல் கிரீன்வுட் செதுக்கிய கீழ்ப் பல்செட் நியூயார்க் மருத்துவ அகாடமியிடம் இருக்கிறது. நீர்யானைத் தந்தத்தில், இடது பக்கம், கடைசிப் பல் நுழைவதற்காகப் போட்ட அந்த ஓட்டை இப்போதும் தெளிவாகத் தெரிகிறது.